வயல் கொசுவுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

நெல் பயிரிடும் உழவர் எவருக்கும் பச்சைத் தத்துப்பூச்சியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அது சாறு உறிஞ்சுவதால் ஏற்படும் நட்டம் கொஞ்சம்தான். அது சுமந்து வரும் துங்ரோ நச்சுயிரியே பயிரை மஞ்சளாக்கி, குட்டையாக்கி, கதிர் பிடிக்காமல் செய்துவிடுகிறது. உளுந்தில் வெள்ளை ஈ மஞ்சள் தேமல் நோயைப் பரப்புவதும் இவ்விதமே. இதனால்தான் வயலோரம் விளக்குப் பொறி வைத்துப் பூச்சிகளை எண்ணும் வழக்கம் வந்தது. பூச்சி பெருகினால் நோய் பின்னால் வருகிறது என்று பொருள். நோய் வந்த பிறகு மருந்தடிப்பதில் பயனில்லை என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாம்.

அதே விளக்குப் பொறியில், அதே வயலில் பிறந்த கொசுக்களும் வந்து விழுகின்றன. அவற்றை எவரும் எண்ணுவதில்லை. தத்துப்பூச்சி, குருத்துப்பூச்சி, இலைச் சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சி எல்லாவற்றையும் பிரித்து எழுதிக்கொண்டு, மீதியைக் குப்பை என்று தட்டிவிடுகிறோம். அந்தக் குப்பையில்தான் நம் குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் வரக்கூடிய நோய்களின் வித்து இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

கொசு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டெங்குவும் மலேரியாவும்தான். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தண்ணீர்த் தொட்டி என்று வீடு வீடாகப் பார்த்து வருகிறார்கள். நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் டெங்கு பரப்பும் கொசு வீட்டுக் கொசு. வயலில் பிறப்பது வேறு சாதி. தேங்கிய நெல் வயல் நீரில் முட்டையிட்டு, மாலை மயங்கும் நேரத்தில் கிளம்பி, முதலில் மாட்டுக் கொட்டகையைத் தேடிப் போவது அது. கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் என்பது அவற்றுள் ஒன்றின் பெயர். கொசுவைவிடப் பெயர் பெரிது. அதன் நெருங்கிய உறவு ஒன்றுக்குக் கியூலெக்ஸ் விஷ்ணுயி என்று பெயர். பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ!

வேலூரில் நடந்த தேடல்

இந்த வயல் கொசுக்களில் என்னென்ன வைரஸ்கள் இருக்கின்றன என்று இந்தியாவில் முறையாகத் தேடத் தொடங்கிய இடங்களில் முக்கியமானது நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம். 1952இல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து நிறுவியது அது. இன்று தேசிய நச்சுயிரியல் நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. 1955இல் வேலூர்ப் பகுதியில் மூளைக்காய்ச்சல் கண்டவர்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் தடயம் இருப்பது தெரிந்தது. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் அறியப்பட்டது அதுவே முதல் முறை. உடனே கேள்வி எழுந்தது: இது எங்கிருந்து வருகிறது?

விடை தேடிக் கொசு பிடிக்கப் புறப்பட்டார்கள். மாலை நேரத்தில் மாட்டுக் கொட்டகையின் சுவரிலும் கூரையிலும் புதரிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் கண்டு, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். பிறகு இனம் பிரித்து, பத்து, இருபது, ஐம்பது என்று ஒரே இனத்தைக் கூட்டாகச் சேர்த்து அரைத்து, அந்தச் சாற்றைப் பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையில் செலுத்துவார்கள். குஞ்சு நோயுற்றால் கொசுவில் ஏதோ இருந்தது என்று பொருள். எது என்று கண்டுபிடிக்க அதன் பிறகு மாதக்கணக்கில் வேலை.

1956இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் விஷ்ணுயி வகைக் கொசுக்களில் அகப்பட்டது. தேடியது கிடைத்ததும் நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. தேடாதவையும் வலையில் விழுந்துகொண்டே இருந்தன. வேலூர்ப் பகுதிக் கொசுக்களிலிருந்து ஒன்றுக்கொன்று உறவான மூன்று வைரஸ்கள் பிரிக்கப்பட்டன. அவற்றுக்குப் பாளையம், கஸ்பா, வேலூர் என்று பெயரிட்டனர். 1957இல் இன்னொன்று கிடைத்தது. அதற்குச் சதுப்பேரி என்று பெயர். வேலூர்க்காரர்களுக்குச் சதுப்பேரி ஏரி தெரியும். உலகமெங்கும் வைரஸ் ஆராய்ச்சிக்கூடங்களில் அந்தப் பெயரும் தெரியும். அதே ஆண்டு பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் ஓர் அனாபிலஸ் கொசுவில் கிடைத்தது சித்தூர் வைரஸ்.

இவற்றில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒன்றைத் தவிர மற்றவை எந்த நோயைத் தருகின்றன என்று அன்று எவருக்கும் தெரியாது. பெயரிட்டு, எண்ணிட்டு, உறைநிலையில் பத்திரப்படுத்தினார்கள். ஏட்டில் எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான். வெளியாட்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள்: நோயே இல்லாத கிருமிக்குப் பெயர் எதற்கு என்று.

கொசுவில் முதலில், கன்றில் பிறகு

பெயர் எதற்கு என்பதற்கு ஜப்பானில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1959இல் அந்நாட்டின் குன்மா மாநிலத்தில் அகபானே என்ற கிராமத்தில் கொசு பிடித்தார்கள். அதில் ஒரு புதிய வைரஸ் கிடைத்தது. நம் வயலில் உள்ள அதே டிரைடேனியோரிங்கஸ் கொசுவிலும் அது இருந்தது. நோய் எதுவும் தெரியவில்லை. ஏட்டில் எழுதி வைத்தார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1972இல் தொடங்கி 1975 வரை ஜப்பானில் மாடுகள் கன்று வீசின. செத்தே பிறந்தவை பல. உயிரோடு பிறந்தவற்றில் கால் மூட்டுகள் விறைத்து மடங்கிப் போனவை, முதுகு வளைந்தவை, மண்டைக்குள் மூளைக்குப் பதிலாக நீர் நிறைந்தவை என்று 42,000க்கு மேல் கணக்கிட்டார்கள். தீவனத்தில் நஞ்சோ, பூச்சிமருந்தோ, சத்துக் குறைவோ என்று தேடி அலைந்தவர்களுக்குக் கடைசியில் விடை கொடுத்தது 1959இல் கொசுவில் பிடித்து வைத்த அந்த அகபானே வைரஸ். ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் அது இருந்தபடியால்தான் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இனி நம் கஸ்பாவுக்கு வருவோம். 1985 கடைசியில் ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூவில் மறுபடியும் கன்றுகள் குறையோடு பிறக்கத் தொடங்கின. இம்முறை கால்கள் நேராகத்தான் இருந்தன. ஆனால் கன்றால் எழுந்து நிற்க முடியவில்லை, பால் குடிக்கத் தெரியவில்லை, சிலவற்றுக்குக் கண் தெரியவில்லை. பெருமூளை நீராகவும் சிறுமூளை சிறுத்தும் இருந்தன. அங்கே பிரித்தெடுத்த வைரஸுக்குச் சூசான் என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் அது முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலூர்க் கொசுவில் பிடித்த கஸ்பா வைரஸ்தான் என்று தெரிந்தது. இன்று ஜப்பானில் மாடுகளுக்கு அகபானே, கஸ்பா ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசி இருக்கிறது. கஸ்பா பிறந்த ஊரில் அப்பெயரைக் கேட்ட மாட்டுக்காரர் எத்தனை பேர்?

சதுப்பேரியின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 2011ஆம் ஆண்டு கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கறவை மாடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. கழிச்சல் இருந்தது, பால் சட்டென்று வற்றியது, சில நாட்களில் சரியாகிவிட்டது. நம் ஊராக இருந்தால் "ஏதோ காத்து கருப்பு" என்று விட்டிருப்போம். அங்கே இரத்தத்தை ஆய்வு செய்தார்கள். நவம்பரில் புது வைரஸ் ஒன்றைக் கண்டு, மாதிரி எடுத்த ஊரின் பெயரால் ஷ்மாலன்பெர்க் என்று பெயரிட்டார்கள். டிசம்பரில் கோணல் ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. மரபுப் பொருளை ஒப்பிட்டபோது அதன் மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று 1957இல் கிடைத்த நம் சதுப்பேரி வைரஸ் என்று தெரிந்தது.

கோழி, வான்கோழி வளர்ப்போர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. 1996இல் கேரளத்தில் இதே டிரைடேனியோரிங்கஸ் கொசுவில் பகாசா என்ற வைரஸ் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் 1966இல் முதலில் கொசுவில் கண்டறியப்பட்டது அது. 2010இல் ஸ்பெயின் நாட்டில் கவுதாரிகளும் காட்டுக்கோழி இனப் பறவைகளும் அதனால் மடிந்தன. இஸ்ரேலில் வான்கோழிகளைத் தாக்கும் மூளை நோய் வைரஸும் இதுவும் ஏறக்குறைய ஒன்றே என்கிறார்கள்.

நான்கு சம்பவங்களிலும் வரிசை ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கொசுவில் முதலில், கால்நடையில் பிறகு. நடுவில் பத்து ஆண்டோ, ஐம்பது ஆண்டோ.

கடிக்கும் எல்லாமும் ஒன்றல்ல

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கொசுவில் ஒரு வைரஸ் கிடைத்தது என்பதாலேயே கொசுதான் அதைப் பரப்புகிறது என்று ஆகிவிடாது. கொசு மாட்டின் இரத்தத்தைக் குடித்திருந்தால் அந்த இரத்தத்தில் இருந்ததும் வயிற்றில் இருக்கும். ஒரு வைரஸைக் கொசு உண்மையிலேயே பரப்ப வேண்டுமானால், அது கொசுவின் குடலைத் தாண்டி, உடலுக்குள் பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு அந்தக் கொசு சாகும் வரை நோய் பரப்பும். உளுந்தில் வெள்ளை ஈ இப்படித்தான் நெடுநாள் நச்சுயிரியைச் சுமக்கிறது. துங்ரோ அப்படியல்ல. அது தத்துப்பூச்சியின் வாயோடு ஒட்டி வந்து சில நாளில் போய்விடும். 2022இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பெருவாரியாக மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோயைக் கடிக்கும் ஈக்களும் கொசுக்களும் பரப்புவது இந்த இரண்டாவது வகையில். அழுக்கு ஊசியால் குத்துவது போல.

கஸ்பா, சதுப்பேரி, அகபானே மூன்றும் கொசுவில் பிடிபட்டாலும், மாட்டிலிருந்து மாட்டுக்குப் பெரும்பாலும் அவற்றைக் கொண்டு செல்வது கொசுவினும் சிறிய, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கியூலிகாய்டஸ் என்ற கடிபூச்சி. சாணியும் ஈர மண்ணும் கலந்த இடத்தில் பெருகுவது. ஆடுகளுக்கு மழைக்காலத்தில் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் அதுவே. மாட்டுக்கு மூன்று நாள் காய்ச்சல் வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வைரஸ் ஆஸ்திரேலியாவில் கொசுவிலும் இந்தக் கடிபூச்சியிலும் கிடைத்திருக்கிறது. ஆகவே கொட்டகையில் பூச்சி பிடிப்பவர்கள் இரண்டையும் பிடிக்க வேண்டும்.

சுண்டெலிக் குஞ்சு காலம் இப்போது மலையேறிவிட்டது. மதுரையில் 1980களில் தொடங்கப்பட்ட மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில், பிடித்த கொசுவின் சாற்றை யானைக் கொசு என்னும் பெரிய கொசு இனத்துக்குள் செலுத்தி வைரஸைப் பெருக்கிக் கண்டுபிடித்தார்கள். யானைக் கொசு இரத்தம் குடிக்காது. ஆகவே கூண்டிலிருந்து தப்பினாலும் ஆபத்தில்லை. சமயோசிதமான யோசனை! வட ஆர்க்காட்டுக் கொசுக்களை ஊர் ஊராக ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட ரேச்சல் ரூபன் அம்மையார், பின்னர் அந்த மையத்துக்குத் தலைமை தாங்கினார். நெல் வயல் கொசுவைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு அவர்கள் தென்னார்க்காட்டுக் கிராமங்களிலும் மதுரைப் பக்கத்து வயல்களிலும் நின்று எடுத்த கணக்கு.

இன்று இன்னும் ஒரு படி மேலே போயாகிவிட்டது. கொசுவை அரைத்து, அதிலுள்ள மரபுப் பொருள் முழுவதையும் இயந்திரத்தால் வாசித்துவிடலாம். குறிப்பிட்ட வைரஸைத் தேட வேண்டியதில்லை. இருப்பவை எல்லாம் தாமே தெரியவரும். 2015இல் சீன ஆராய்ச்சியாளர்கள் கொசு, உண்ணி முதலிய 70 வகைக் கணுக்காலிகளை இவ்வாறு பார்த்து 112 புதிய வைரஸ்களைக் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். இப்படிக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பூச்சிக்கே உரியவை. மனிதரிடமோ மாட்டிடமோ பெருகமாட்டா. அவற்றில் சில, நோய் தரும் வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதைத் தடுக்கவும் செய்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிகிறது. வயலில் எல்லாப் பூச்சியும் பகையல்ல என்பது போல, கொசுவில் எல்லா வைரஸும் பகையல்ல.

மூன்று துறைகளின் நடுவே ஒரு கொசு

நம் நாட்டில் குறை அறிவில் இல்லை; அமைப்பில்தான். பூச்சி வேளாண்மைத் துறைக்கு, காய்ச்சல் சுகாதாரத் துறைக்கு, கன்று கால்நடைத் துறைக்கு என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். வயலில் பிறந்து, கொட்டகையில் இரத்தம் குடித்து, வீட்டுக் குழந்தையைக் கடிக்கும் கொசு இந்த எல்லைகளை மதிப்பதில்லை. விளக்குப் பொறியைப் பார்ப்பவருக்குக் கொசு வேண்டாதது. சுகாதாரத் துறைப் பூச்சியியல் வல்லுநருக்கு டெங்கு, மலேரியா, மூளைக்காய்ச்சல் என்று தெரிந்த நோய்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாததைத் தேட நேரமும் இல்லை, பணமும் இல்லை. கால்நடை மருத்துவரிடம் கொசு பிடிக்கும் குழாயே இருக்காது.

இது ஏதோ செல்வ நாடுகளுக்குரிய ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்திரேலியா 1993 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. குறிப்பிட்ட இடங்களில் சில இளம் மாடுகளைக் காவல் மாடுகளாக வைத்து, அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கேயே பொறி வைத்துப் பூச்சியும் பிடிக்கிறார்கள். ஜப்பானில் மூளைக்காய்ச்சல் வைரஸ் நடமாட்டத்தைக் கோடைதோறும் பன்றிகளின் இரத்தத்தைப் பார்த்தே அறிகிறார்கள். மாட்டு இரத்தம் ஒரு குப்பி, கொசு ஒரு குழாய். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? மரபுப் பொருளை வாசிக்கும் இயந்திரத்துக்கும் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில், 2021இல், தமிழக அரசு சென்னையில் அதற்கென்றே ஆய்வுக்கூடம் அமைத்தது. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் விளக்குப் பொறி எரிகிறது. எல்லாம் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை.

என் யோசனை பெரிதல்ல. நெல் அதிகம் பயிராகும் சில மாவட்டங்களில், வட்டத்துக்கு ஒரு கிராமம் தெரிந்தெடுக்க வேண்டும். குறுவை, சம்பா நடவுக்குப் பின் முதல் ஆறு வாரங்கள் வாரம் ஒருமுறை அங்கே மாலையில் கொசுவும் கடிபூச்சியும் பிடிக்க வேண்டும். அதே கொட்டகையில் இரண்டு, மூன்று கன்றுகளின் இரத்தத்தை மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும். நோய் இருக்கிறதோ இல்லையோ, ஆண்டுதோறும் விடாமல் செய்ய வேண்டும். "நோய் வந்தால் அனுப்புங்கள், பார்ப்போம்" என்ற பதில் துங்ரோவுக்கு எப்படிப் பயன்படவில்லையோ அப்படியே இதற்கும் பயன்படாது. 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் மூளைக்காய்ச்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான், 2006இல் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கினோம். அந்த வைரஸ் நம் கொசுவில் இருப்பது 1956லேயே தெரிந்திருந்தது. ஐம்பது ஆண்டுகள்!

நம் வயலில் நாம் செய்யக்கூடியது

அரசைக் குறை சொல்லிவிட்டு உழவர் சும்மா இருந்துவிட முடியாது. இந்தக் கொசு பிறப்பது நம் வயலில். நடவு முடிந்து பயிர் சிறிதாக, நீர் வெயில் பட்டுத் தெளிவாக நிற்கும் வாரங்களில்தான் கூத்தாடிப் புழு மிகுதி. பயிர் வளர்ந்து நிழல் கட்டியதும் குறைந்துவிடும். தழைச்சத்து உரம் இட்டதும் புழு பெருகுவதையும் ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்திய வயல்களில் கண்டிருக்கிறார்கள். யூரியாவை அள்ளிக் கொட்டுபவர் தத்துப்பூச்சியை மட்டும் அழைக்கவில்லை, கொசுவையும் அழைக்கிறார். வேப்பம் பிண்ணாக்குக் கலந்த யூரியா இட்ட வயலில் கொசுப்புழு குறைந்ததும் அவர்கள் கண்டதே. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தப் பூச்சு தழைச்சத்து வீணாகாமல் இருப்பதற்காக மெல்லியதாகப் பூசியது. அதை நம்பிக் கொசு ஒழியும் என்று இருந்துவிடலாகாது.

சிறந்த வழி நம் முன்னோர் வழியே. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் ஒருமுறை வயல் காய்ந்து மயிர்க்கோடு போல் வெடிப்புக் கண்டால் அந்த ஈடு புழு அத்தனையும் அழியும். திருந்திய நெல் சாகுபடியில் சொல்வதும் இதைத்தான். நீரும் மிச்சம், வேரும் ஓடும். ஒன்று மட்டும்: வரப்போரப் பள்ளத்திலும் மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலும் நீர் நின்றால் புழு அங்கே ஒளிந்துகொள்ளும், வயலைச் சமன் செய்வதில் சோம்பல் கூடாது. தனியொருவர் செய்தால் பயன் குறைவு. வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்து ஊரே சேர்ந்து செய்தால்தான் கொசு குறையும். கண்ட மருந்தையும் அடித்துத் தட்டான் குஞ்சையும் நீர்ப்பூச்சிகளையும் கொல்பவர், கொசுப்புழுவைத் தின்னும் காவலரைக் கொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மூளைக்காய்ச்சல் வைரஸ் பெருகுவது பன்றியிலும், கொக்கு, மடையான், நாரை இனப் பறவைகளிலும். மாட்டில் அது பெருகாது. கொசு மாட்டை விரும்பிக் கடிப்பதால் அந்த அளவுக்கு வைரஸ் வீணாகப் போகிறது. தமிழ்நாட்டில் இந்நோய் பெருவாரியாக வெடிக்காமல் இருப்பதற்கு மாடு அதிகமாகவும் பன்றி குறைவாகவும் இருப்பது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். இப்போது வெண்பன்றிப் பண்ணைகள் பெருகி வருகின்றன. உழவு மாடு குறைந்து டிராக்டர் வந்துவிட்டது. கணக்கு மாறுகிறது. பண்ணை வைப்பதில் தவறில்லை. குடியிருப்புக்கும் நெல் வயலுக்கும் தள்ளி வைத்து, வலையடித்து வளர்க்க வேண்டும். சினைப் பன்றிகள் செத்த குட்டிகளை ஈன்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கொக்கை விரட்டுவதில் பொருளில்லை. அது பூச்சி தின்ன வந்த விருந்தாளி. ஒரு வயலில் விரட்டினால் அடுத்த வயலில் இறங்கும்.

கடைசியாக, கறவை மாடு வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று. மாடு சினையாகி மூன்றாவது முதல் ஆறாவது மாதத்துக்குள் இந்த வைரஸ் தாக்கினால்தான் பெரும்பாலும் கன்று கோணலாகிறது. அப்போது மாட்டுக்கு ஒன்றும் தெரியாது; தீனி தின்னும், பால் கறக்கும். ஐப்பசி மழையில் கடித்த கடி சித்திரையில் கன்றாக வந்து தெரியும். அதற்குள் கொசுவும் போயிருக்கும், கடிபூச்சியும் போயிருக்கும். இத்தகைய கன்றை ஊரில் அபசகுனம் என்று விடியுமுன் புதைத்துவிடுகிறார்கள். இனி அவ்வாறு செய்யாமல், கால் மடங்கியோ, எழ முடியாமலோ, பார்வை இல்லாமலோ கன்று பிறந்தால் உடனே 1962 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லியனுப்ப வேண்டும். கன்று சீம்பால் குடிக்குமுன் எடுத்த இரத்தம்தான் உண்மை பேசும். சீம்பால் குடித்துவிட்டால் தாயின் எதிர்ப்புச் சக்தி கலந்து, கருவிலேயே வைரஸ் தாக்கியதா இல்லையா என்று சொல்ல முடியாமல் போகும். அதற்காக உயிரோடு உள்ள கன்றைப் பட்டினி போடவும் கூடாது; மருத்துவர் வர நேரமாகும் என்றால் சீம்பாலைக் கொடுத்துவிட்டு, தாயின் இரத்தத்தையாவது எடுக்கச் சொல்ல வேண்டும். செத்துப் பிறந்ததாயின் புதைக்காமல் நிழலில், பனிக்கட்டி கிடைத்தால் பனிக்கட்டி போட்டு, மருத்துவர் வரும்வரை வைத்திருக்க வேண்டும். மாடு எப்போது சினை பிடித்தது, சினைக்காலத்தில் எந்த மாதம் கொசுக்கடி அதிகமாக இருந்தது, பக்கத்தில் நடவு எப்போது நடந்தது என்பதையும் அவரிடம் கூறுவது நல்லது.